8 பக்கத்துல ஏன் முடிஞ்சிச்சு? மலையகத்து ஈய எழுத்து பிரஸ் கதை

இலங்கையில தேயிலைத் தோட்டம் இருக்கிற மலையகத்து பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், துண்டுப் பிரசுரம்னு எதையாச்சும் கையில எடுத்தீங்கன்னா ஒண்ணு கண்ணுல படும். முக்காவாசி 8 பக்கம், மிஞ்சிப்போனா 16. 40 பக்கம் வந்துட்டா அது பெரிய புத்தகம். இத வச்சுக்கிட்டு "தோட்டத்து சனத்துக்கு நீளமா எழுத வராது, படிக்கவும் பொறுமை கெடயாது"ன்னு படிச்சவங்களே பேசுறத கேட்டிருக்கேன். சுத்தமான வெட்டிப் பேச்சு அது. எழுதுறவருக்கு எவ்வளவு சொல்ல இருந்துச்சுங்கிறது வேற விஷயம், டவுன்ல இருந்த பிரஸ்காரர்கிட்ட எத்தன கிலோ எழுத்து இருந்துச்சு, மெஷின் எம்புட்டு பெருசு, கடதாசி என்ன வெல, இந்த மூணுந்தான் புத்தகத்தோட நீளத்த முடிவு பண்ணிச்சு.

எப்பிடின்னு சொல்றேன், கொஞ்சம் மெஷினுக்குள்ள போவணும்.

ஹட்டன், நாவலப்பிட்டி, பதுளை, மாத்தளை மாதிரி டவுன்கள்ல சின்ன பிரஸ்ன்னா பெரும்பாலும் ட்ரெடில் மெஷின்தான், அதாவது தையல் மெஷின் மாதிரி காலால மிதிச்சு ஓட்டுறது. வார்ப்பிரும்புல செஞ்ச பெரிய சக்கரம் ஒண்ணு பக்கத்துல சுத்தும், எழுத்து கட்டுன சட்டம் நிமிந்து நிக்கும், கடதாசி வைக்கிற பலகை வாய் மாதிரி தெறந்து தெறந்து மூடும். அந்த வாய் தெறந்திருக்கிற நேரத்துல வலது கையால புதுக் கடதாசிய வைக்கணும், இடது கையால அடிச்ச கடதாசிய எடுக்கணும், காலு நிக்கவே கூடாது. மணிக்கு ஆயிரம் போட்டா கெட்டிக்காரன். கொஞ்சம் அசந்தா வெரலு போயிரும், பழைய மெஷின்மேன்கள்ல நகம் செதஞ்சவங்கள பாக்கலாம். இந்த இரும்ப மலைக்கு மேல கொண்டாந்தது கோச்சிதான்னு சொல்லலாம், ரயில் பாதை ஹட்டனுக்கு 1884ல வந்துச்சு, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆச்சு. தேயிலைய எறக்கப் போட்ட பாதை, ஏறி வரும்போது இதையும் சேத்து ஏத்திக்கிட்டு வந்துச்சு.

இப்ப அளவு. கிரவுண் சைஸ் கடதாசி 15க்கு 20 இஞ்சி. சின்ன ட்ரெடில்ல முழுத்தாள் போகாது, பாதியா வெட்டி 15க்கு 10 ஆக்கித்தான் போடணும். அந்த அரைத்தாள்ல ஒரு பக்கத்துக்கு 4 புத்தகப் பக்கம் ஒக்காரும், திருப்பிப் போட்டா இன்னொரு 4, மொத்தம் 8. மொதப் பக்கத்தையும் 8ஆம் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும், 4ம் 5ம் அதுக்கு எதுக்க தலகீழா, மறுபக்கம் 2ம் 7ம், 3ம் 6ம். அப்பத்தான் மடிச்சு வெட்டுனா வரிசையா வரும். ஆக ரெண்டே ரெண்டு தடவ மெஷின்ல ஏத்தினா ஒரு புத்தகம் முடிஞ்சிரும், நடுவுல ஒரு நூலோ ஒரு பின்னோ போட்டா போதும். 9 பக்கம் எழுதிட்டு வந்தீங்கன்னா அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு தாள், இன்னொரு ஏத்து எறக்கு, காசு கிட்டத்தட்ட ரெட்டிப்பு. அதனாலதான் பிரஸ்ல இந்தப் பேச்சு சாதாரணமா நடக்கும்:

"மாஸ்டர், இது பதினோரு பக்கம் வருது."

"அப்ப என்னாங்க பண்றது?"

"ஒண்ணு மூணு பக்கத்த வெட்டுங்க, இல்லாட்டி அஞ்சு பக்கம் கூட எழுதிட்டு வாங்க. எதுன்னாலும் வெள்ளிக்கெழமக்குள்ள சொல்லிப்புடுங்க, எழுத்த கட்டிப் போட்டுட்டு ஒக்காந்திருக்க ஏலாது."

அந்த மாஸ்டர் மூணு பக்கத்த வெட்டியிருப்பாரு, வேறென்ன.

"எழுத்த கட்டிப் போட்டுட்டு"ங்கிற அந்தப் பேச்சுலதான் முழு வெவகாரமும் இருக்கு. ஈய எழுத்துங்கிறது வெறும் ஈயம் இல்ல, ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூணும் கலந்தது. ஈயம் மட்டும்னா அமுக்குனா நசுங்கிரும், ஆன்டிமனி சேந்தாத்தான் கெட்டிப்படும், வார்த்து ஆறும்போது சுருங்காம விளிம்பு கூர்மையா நிக்கும். ஒவ்வொரு எழுத்தும் நிக்க வச்சா 0.918 இஞ்சி ஒசரம், அதுல மயிரிழை கொறஞ்சாலும் அந்த எழுத்து பதியாது. கனமோ கனம். கிரவுண் எட்டுல, அதாவது மேல சொன்ன அந்தப் புத்தக அளவுல, ஒரு பக்கம் நெருக்கமா கோத்தா கிட்டத்தட்ட 3 கிலோ வரும். 8 பக்கம்னா 24 கிலோ. 160 பக்கத்துல ஒரு நாவல் போடணும், முழுசையும் கோத்து வச்சுட்டுத்தான் அடிப்பேன்னு நின்னீங்கன்னா அரை டன் எழுத்து வேணும். அவ்வளவு எழுத்து மலையகத்து சின்ன பிரஸ்ல எங்க இருக்கும்? அதனால 8 பக்கம் கோக்கிறது, புரூப் பாக்கிறது, அடிக்கிறது, கழுவுறது, அப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் திரும்ப கேஸ்ல, அதாவது எழுத்து வைக்கிற தட்டுல, அதது அறையில போடுறது, அதுக்கப்புறந்தான் 9ஆம் பக்கம். இந்தத் திரும்பப் போடுற வேலைக்கு டிஸ்ன்னு பேரு, டிஸ்ட்ரிபியூஷன்ங்கிறதோட சுருக்கம், அது கோக்கிறத விட மோசமான வேலை, புதுசா வந்த பொடியன்கள் தலையிலதான் விழும். ஒரு ன் மாறி ண் அறையில விழுந்துச்சுன்னா ஒரு மாசம் கழிச்சு எவனோ ஒருத்தரோட கல்யாணப் பத்திரிகைல போய் நிக்கும்.

தமிழ்ல இந்தப் பாடு கொஞ்சம் ஜாஸ்தி. உயிர் 12, ஆய்தம், மெய் 18, அகரம் ஏறுன உயிர்மெய் 18, அப்புறம் கி கீ வரிசை 36, கு கூ வரிசை 36, இதுவே 121. அதுக்கு மேல கால் (ா), ஒத்தக்கொம்பு, ரெட்டக்கொம்பு, ஐக்குறி. இது போக ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ. பழைய எழுத்துன்னா இன்னமும் இருக்கு, ணா, றா, னா மூணுக்கும் கால் தனியா வராம சுழிச்சுக்கிட்டு ஒரே கட்டையா இருக்கும், ணை லை ளை னை நாலும் யானத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு இருக்கும். பெரியார் 1935ல குடி அரசுல மாத்தினதும், தமிழ்நாட்டு அரசாங்கம் 1978ல ஆணை போட்டதும் இந்த மாதிரி 13 எழுத்து வடிவத்தத்தான். ஆனா அரசாங்கம் ஆணை போட்டா ஈயம் உருகிருமா? காசு குடுத்து வாங்குன எழுத்து தேயுற வரைக்கும் ஓடத்தானே செய்யும், அதுவும் ஆணை போட்டது கடலுக்கு அந்தாண்ட. அதோட மலையகத்து டவுன்ல பிரஸ் வச்சிருந்தா தமிழ் மட்டும் வச்சு பொழைக்க முடியாது, கடைக்காரருக்கு சிங்களத்துல பில் புக் வேணும், தோட்டத்து ஆபீஸுக்கு இங்கிலீஷ்ல போம் வேணும். சிங்களத்துக்கு தமிழ விட அதிகம் எழுத்து. ஆக மூணு பாஷைக்கும் கேஸ் வச்சு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சங் கொஞ்சம் எழுத்து, எதுலயும் போதுமான அளவு இல்ல, இதுதான் நெலவரம்.

போதலன்னா என்ன நடக்கும்னு ஒரு எடத்துல கிட்ட நின்னு பாக்கலாம். கல்யாண சீசன். பத்திரிகைல வர்ற பேருங்கள பாருங்க, ராமசாமி, முத்துசாமி, பெருமாள், மாரியம்மா, காமாட்சி. எல்லாத்துலயும் கால். மா, ரா, சா, கா. அஞ்சாறு பத்திரிகை ஒரே நேரத்துல கட்டி வச்சிருந்தா கேஸ்ல கால் அறை காலியாயிரும். அப்ப எழுத்து கோக்கிறவரு, அதான் கம்போசிட்டர், என்ன செய்வாருன்னா பக்கத்து அறையில இருந்து ர எடுத்து கால் எடத்துல வச்சிருவாரு. அச்சுல ரெண்டும் பாக்க கிட்டத்தட்ட ஒண்ணுதான், பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் ரவோட அடி நுனி கொஞ்சம் கீழ சாஞ்சு நிக்கிறது தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க. இதெல்லாம் எடது கையில ஸ்டிக்க, அதாவது எழுத்த வரிசையா கோக்கிற சின்னத் தட்ட, புடிச்சுக்கிட்டு, எழுத்த தலகீழா, கண்ணாடில தெரியுற மாதிரி வாசிச்சுக்கிட்டே செய்யிற வேலை. எழுத்தோட ஒடம்புல ஒரு சின்ன வெட்டு இருக்கும், பெருவெரல் அதத் தடவிப் பாத்து நேரா இருக்கா கவுந்திருக்கான்னு சொல்லிரும், கண்ணு கையெழுத்துப் பிரதியில இருக்கும்.

மலையில இன்னொரு தொந்தரவு, குளிரு. இத கொழும்பு பிரஸ்காரருக்கு சொன்னா புரியாது. நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம். மை எண்ணெயில கொழச்சது, காலைல டின்ன தெறந்தா கல்லு மாதிரி கெடக்கும், அடுப்புப் பக்கமோ பல்பு கிட்டயோ வச்சு எளக்கணும். பழைய ரோலர்கள் ரப்பர் கெடயாது, பசையும் கிளிசரினும் இல்லாட்டி சக்கரைப் பாகும் காய்ச்சி வார்த்தது, குளுருக்கு எறுகிப்போயி மைய எடுக்காது, ஈரத்துக்கு ஊதிப்போயி எழுத்துக் குழியெல்லாம் மைய அப்பிரும். கடதாசி சங்கதி அதவிட மோசம், மூடுபனி உள்ள வந்து ஈரம் ஏறுனா தாள் லேசா விரியும், நேத்து ஒரு பக்கம் அடிச்சது இன்னைக்கு மறுபக்கம் அடிக்கும்போது சரியா ஒக்காராது. மை காயவும் காயாது, அடுக்கி வச்சா அடுத்த தாள்ல ஒட்டும். அதனால ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்கு மழை அடிக்கிற ஜூன் ஜூலையில அவசர வேலைய ஒத்துக்க பயப்படுவாங்க, அதே ஜூலையில பண்டாரவளையில வெயில் காஞ்சுக்கிட்டு இருக்கும். ஒரே மலைதான், ஆனா பிரஸ்காரருக்கு ரெண்டு ஊரும் ரெண்டு தேசம்.

சரி, இவ்வளவு பாடுபட்டு அடிச்சதுல எழுத்தாளருங்களோட புத்தகம் எவ்வளவு? ரொம்பக் கொஞ்சம். பிரஸ்ஸுக்கு சோறு போட்டது பில் புக், ரசீதுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மஞ்ச நீராட்டு, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட பரீட்சைப் பேப்பர், சங்கத்து சந்தா ரசீது, மே தின நோட்டீஸ். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் மாதிரி பெரிய திருவிழா வந்தா பல நாள் ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். இந்த வேலைங்களுக்கு நடுவுல மெஷின் சும்மா இருக்கிற நேரத்துல, இந்த வேலைங்களுக்கு வெட்டுனதுல மிஞ்சுன கடதாசில, பாதிக் கடன்ல அடிச்சதுதான் கவிதையும் கதையும். கடன முழுசா திருப்பிக் குடுத்த கவிஞர் எத்தன பேர்னு எந்த பிரஸ்காரரையும் கேக்காதீங்க, மொகத்த திருப்பிக்குவாரு. என் கணிப்பு என்னன்னா, மலையகத்து இலக்கியத்துக்கு மொத புரவலர் யாருன்னு கேட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களயும் கோயில் கமிட்டியையுந்தான் சொல்லணும், அவங்களுக்கே தெரியாம.

பிரஸ்காரர்தான் மொத வாசகர், மொத எடிட்டரும் அவருதான். தோட்டத்துல இருந்து எழுதுறவரு புரூப் பாக்க பஸ் ஏறி வரணும், ஒரு நாள் பேரு, அதாவது அன்னைக்கு சம்பளம், போயிரும், அதனால நீங்களே பாத்துக்கங்கன்னு விட்டுட்டுப் போயிருவாரு. ஒற்று போடுறது, சந்தி பாக்கிறது, சில சமயம் அடியையே மாத்துறது எல்லாம் கம்போசிட்டர் கையில. நம்ம ஆராய்ச்சியாளருங்க "இந்தக் கவிஞரோட நடை"ன்னு எழுதுற எடத்துல கொஞ்சம் கம்போசிட்டர் நடையும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

வரலாறுன்னு பாத்தா மலையகத்துல தமிழ் அச்சு ஒண்ணும் நேத்து வந்தது இல்ல. கோப்பித் தோட்டத்த பாடுன ஆபிரகாம் ஜோசப்போட கோப்பிக் கிருஷிக் கும்மி 1869ல வந்துச்சு, அது அச்சானது யாழ்ப்பாணத்துல. ஆனா 1882ல கண்டியில இருந்தே முஸ்லிம் நேசன் பத்திரிகைய சித்தி லெப்பை கொண்டாந்தாரு. அப்புறம் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர், 1924ல தேசபக்தன் பத்திரிகை, 1931ல ஹட்டன்ல தோட்டத் தொழிலாளர் சம்மேளனம், 1936ல அதே ஹட்டன் தொகுதியில இருந்து அரசாங்க சபைக்கு, அதாவது அப்பத்த சட்டசபைக்கு, தெரிவானாரு. அந்த மனுசன் பேச்சு, சங்கம், அச்சு மூணையும் பிரிச்சுப் பாக்கவே இல்ல. அவரு மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டத்துல பாரதி மெட்டுல பாடுவாங்க, அந்தப் பாட்டுங்க 1940ல சின்னப் பிரசுரமா வந்துச்சு. அதே வருஷம் ஜனவரி 10ல முல்லோயா தோட்டத்துல தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டுல செத்துப் போறாரு. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சமா இருந்த காலத்துல இந்த மாதிரி பாட்டுப் புத்தகம் எப்பிடி வித்துச்சுன்னு கேக்கலாம். வித்தது வாசிக்க இல்ல, பாட. சம்பள நாள்ல டவுன்லயும், கோச்சிலயும் ஒருத்தர் நின்னு பாடுவாரு, மெட்டு தெரிஞ்ச சினிமா மெட்டாத்தான் இருக்கும், கேட்டவங்க சில்லறையக் குடுத்து வாங்கிட்டுப் போயி லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, யாராவது ஒருத்தர வாசிக்கச் சொல்லி மத்தவங்க மனப்பாடம் பண்ணிக்குவாங்க. அதுக்கு 8 பக்கம் தாராளம். பாடுறவரு மடியில நூறு புத்தகம் கட்டிக்கிட்டு மலை ஏறணும்ல.

இதே தொழிலோட இன்னொரு மொகத்தையும் சொல்லணும். ஆனந்த குமாரசாமி, கொழும்புல பொறந்தவரு, அப்பா தமிழர், கனிமவள ஆய்வு வேலையா கண்டி நாட்டுப் பக்கம் சுத்தும்போது அங்க உள்ள கைவினைய எல்லாம் குறிச்சு வச்சாரு. அத இடைக்கால சிங்களக் கலை பத்துன பெரிய நூலா இங்கிலாந்துல தன்னோட மேற்பார்வையிலயே கை அச்சுல அடிச்சாரு, 1907ல ஆரம்பிச்சு 1908ல முடிஞ்சிச்சு, மொத்தம் 425 பிரதி, அடிச்ச மெஷின் இங்கிலாந்து கைவினை இயக்கத்து வில்லியம் மோரிஸ் வச்சிருந்த அதே அச்சு மெஷின். மெஷின் யுகத்துக்கு எதிரா கைவேலையோட பெருமைய காட்டணும்ங்கிறது அவங்க கொள்கை. அழகான புத்தகம், மறுக்கல. ஆனா நம்ம ஹட்டன் பிரஸ்காரரும் கையாலதான் கோத்தாரு, காலாலதான் மிதிச்சாரு, அதுக்கு கொள்கைன்னு யாரும் பேரு வைக்கல, கரண்டு பில்லு கட்ட காசில்ல அவ்வளவுதான். சின்ன அச்சகம்னு மேல்நாட்டுல கொண்டாடுறதுக்கும் நம்ம ஊருல தேஞ்சு போனதுக்கும் உள்ள தூரம் இதுல தெரியும்.

கடதாசி விஷயத்தையும் விட முடியாது. 1970ல இருந்து 77 வரைக்கும் இறக்குமதிக்கு கட்டுப்பாடு இருந்த காலம், வாழைச்சேனை ஆலையில வைக்கோல்ல செஞ்ச கடதாசிதான் நெறய எடத்துல கெடச்சிச்சு. தொட்டா சொரசொரன்னு, மங்கல் நெறம், இப்ப எடுத்துப் பாத்தா மடிச்ச எடத்துல ஒடையும். அதோட 1977, 1981, 1983ன்னு கலவரங்கள்ல டவுன் கடைங்க எரிஞ்சப்ப கடதாசியா இருந்ததெல்லாம் போச்சு. இதுக்கு மேல ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கு, அடிச்ச ஒடனே டிஸ் போட்டு எழுத்த கலச்சிட்டதால ரெண்டாம் பதிப்புக்கு எதுவுமே மிஞ்சாது, மறுபடி மொதல்ல இருந்து கோக்கணும். அதனால 500 பிரதி அடிச்சா அந்த 500தான், அது தொலஞ்சா நூலே தொலஞ்சிச்சு. 1885லயே அச்சடிக்கிறவங்க பிரதிய அரசாங்கத்துக்கு குடுக்கணும்னு கட்டளைச் சட்டம் இருந்துச்சு, ஆனா கோச்சில விக்கிற 8 பக்கப் பாட்டுப் புத்தகத்த யாரு கொழும்புக்கு தபால்ல அனுப்பிக்கிட்டு இருப்பா.

ஒடம்புக்கு வந்தத சொல்லாம விட்டா அது நியாயம் இல்ல. ஈயம் சாதாரண சூட்டுல ஆவியாகாது, மூச்சு வழியா போறத விட வாய் வழியாத்தான் ஆபத்து. எழுத்து பொறுக்குன கையோட வெத்தல மடிச்சு வாயில போட்டா, டீக்கு பன்னு பிச்சு தின்னா, கொஞ்சங் கொஞ்சமா உள்ள போயிரும். வயித்து வலி, கை நடுக்கம், ரத்தக் கொறவு. பால் குடிச்சா சரியாப் போயிரும்னு ஒரு நம்பிக்கை, அதுக்கு பதிலா ஒரு சவுக்காரக் கட்டி வாங்கி வச்சிருந்தா எவ்வளவோ நல்லாருந்திருக்கும், மண்ணெண்ணெயில தொடச்சுட்டு அப்பிடியே சாப்புட ஒக்காந்தவங்கதான் அதிகம்.

1977க்குப் பிறகு இறக்குமதி தெறந்துவிட்டதும் ஈய எழுத்து தேவப்படாத ஆஃப்செட் அச்சு வந்துச்சு, பின்னால கம்ப்யூட்டர் வந்துச்சு, 1868 மீட்டர் குளிருக்கும் ஈரத்துக்கும் கவலப்படாத டைப் செட்டிங். கோக்கத் தெரிஞ்சவருக்கு வேலை போச்சு, ஈயம் பழைய இரும்புக் கடைக்கு நிறுத்துப் போச்சு. ஆனா மெஷின் முழுசா சாகல, இது பலருக்குத் தெரியாது. பில் புக்ல வரிசையா நம்பர் விழுறது, டிக்கட்ட கிழிக்க ஓட்டை வரிசை போடுறது, பெட்டி அட்டைய உருவமா வெட்டுறது, மடிப்புக் கோடு போடுறது, இதுக்கெல்லாம் பழைய லெட்டர்பிரஸ், அதான் இந்த ஈய எழுத்து மெஷின், இன்னமும் ஒதவுது. கை வைக்காம தானா கடதாசி எடுத்து வைக்கிற ஹைடல்பர்க் மெஷின் வச்சிருக்கவங்க மணிக்கு 5000 வரைக்கும் ஓட்டலாம், அந்த மாடல் 1985ல உற்பத்தி நின்னு போனது, இன்னும் ஓடுது. 2022ல கரண்டு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் நின்னப்பவும், கடதாசி இல்லாம மேல் மாகாணத்துல தவணைப் பரீட்சையையே தள்ளி வச்சப்பவும், மிதி மெஷின கொண்டு போயி எடைக்குப் போட்டவங்க நெனச்சுப் பாத்திருப்பாங்க. கரண்டு இல்லாட்டியும் மிதிக்கலாம், ஆனா கடதாசி இல்லாம மிதிச்சு என்ன பண்றது.

வீட்டுல தாத்தா காலத்து கல்யாணப் பத்திரிகையோ பாட்டுப் புத்தகமோ கெடந்தா, பின்பக்கத்த வெரலால தடவிப் பாருங்க, எழுத்து அழுத்துன மேடு லேசா தட்டுப்பட்டா அது ஈய எழுத்து. கடைசிப் பக்கத்துல அடியில பொடி எழுத்துல பிரஸ் பேரும் டவுன் பேரும் போட்டிருப்பாங்க, சில சமயம் வருஷமும் இருக்கும். போட்டோ எடுக்கிறவங்க அட்டைய மட்டும் எடுத்துட்டு இந்த வரிய விட்டுர்றாங்க. எந்த டவுன்ல எந்த பிரஸ் எப்ப இருந்துச்சுன்னு சொல்ல பல எடத்துல அந்த ஒத்த வரிதான் இருக்கு, அதையும் சேத்து எடுங்க.